கப்பலேறிய பெற்றோர், கரையில் நின்ற குழந்தைகள்

கோடம்பாக்கம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? சினிமாதானே!

கதாநாயகிகள் கண்ணில் கிளிசரின் விட்டுக்கொண்டு அழுத ஊர் அது. தாயைப் பிரிந்த பிள்ளை, பிள்ளையைத் தேடும் தாய், கடைசி ரீலில் இருவரும் சேரும் காட்சி! இப்படி எத்தனையோ படங்கள் அங்கே பிறந்தன. அந்த ஸ்டூடியோக்களில் பல இன்று இல்லை. அவை இருந்த இடங்களில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

கிளிசரின் தேவைப்படாத ஒரு கதையை இன்று சொல்லப் போகிறேன். கோடம்பாக்கம் ரெயில் நிலையத்திலேயே தொடங்குவோம். செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரெயிலில் ஏறுங்கள். மாம்பலம், கிண்டி, தாம்பரம் எல்லாம் கடந்து, கடைசியில் பெரிய ஏரி தெரியும். அதுதான் செங்கல்பட்டு. ஊருக்குப் பக்கத்தில் திருமணி என்ற இடம் இருக்கிறது. அங்கே பழைய தொழுநோய் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் அதற்கு லேடி வில்லிங்டன் ஆஸ்பத்திரி என்று பெயர். 1955-ல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு, தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது.

1947-ம் ஆண்டு. அந்த ஆஸ்பத்திரித் தோட்டத்தில் இரண்டு வெள்ளைக்கார டாக்டர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ராபர்ட் காக்ரேன். தொழுநோய் வைத்தியத்தில் உலகப் புகழ் பெற்றவர். மற்றவர் இளைஞர். வயது 33. எலும்பு, கை முதலியவற்றில் ஆபரேஷன் செய்பவர். பெயர் பால் பிராண்ட்.

தரையில் உட்கார்ந்திருந்த நோயாளி ஒருவர் தம் செருப்பைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் நகம் போல வளைந்து போயிருந்தன. வார் நழுவிக்கொண்டே இருந்தது. இளைய டாக்டர் அவர் அருகே போனார். தம் கையை நீட்டி, "உங்களால் முடிந்த மட்டும் அழுத்துங்கள்" என்றார்.

அந்த மனிதர் அழுத்தினார். டாக்டருக்கு உயிர் போகிற வலி!

செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்த கையில் இவ்வளவு பலமா? அப்படியானால் இதைச் சரி செய்யலாமே! அந்த ஒரு நொடியில் பிறந்த எண்ணம், உலகமெங்கும் எத்தனையோ ஆயிரம் கைகளைத் திரும்பக் கொடுத்தது.

அது பெரிய கதை. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த டாக்டர் செங்கல்பட்டுக்கு வந்து சேர்ந்தது எப்படி? அவர் சிறு பையனாக இருந்தபோது என்ன விலை கொடுத்தார்? அவருடைய தாய் என்ன விலை கொடுத்தாள்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

கொல்லிமலைப் பையன்

பால் பிராண்ட் பிறந்தது லண்டனில் அல்ல. நம்முடைய கொல்லிமலையில்! 1914-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி பிறந்தார்.

இன்று கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் தார் ரோடு இருக்கிறது. அன்று ரோடு கிடையாது. நடந்துதான் ஏற வேண்டும். முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கிப் போவார்கள். மலைக்காய்ச்சல் பயங்கரமாக இருந்தது. சமவெளிக்காரர்கள் அங்கே ராத்தங்கப் பயப்படுவார்கள்.

அந்த மலையில் வளவந்தி என்ற இடத்தில் குடியேறியவர் ஜெஸ்ஸி பிராண்ட். லண்டனில் கட்டட வேலை பார்த்தவர். மிஷனரியாக வந்தவர். புறப்படுவதற்கு முன் ஒரு வருஷம் வைத்தியமும் கற்றுக்கொண்டார். வீட்டுச் சாமான்களைக் கீழே தயார் செய்து, மலைமேல் தூக்கிச் சென்று, கால்கள் வைத்த மர வீடு ஒன்றைக் கட்டினார். கரையான் ஏறாமலிருக்க ஒவ்வொரு காலிலும் தகரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

அவர் மனைவி எவலின். லண்டனில் வசதியான குடும்பத்துப் பெண். படம் வரைவதில் கெட்டிக்காரி. நாகரிகமான தொப்பிகளும் உடைகளும் அணிந்து பழகியவர். கணவரைவிட ஆறு வயது மூத்தவர். 1913-ல் இருவருக்கும் கலியாணம் நடந்தது. அவர்களுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவன் பால். அடுத்து ஒரு பெண்.

பையனுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மரம்தான் பள்ளிக்கூடம். பலா மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பாடம் எழுதுவான். அப்பாவோடு காட்டுக்குள் போவான். கரையான் புற்று, குழியானை, பறவைக் கூடு என்று ஒவ்வொன்றையும் அப்பா காட்டுவார்.

வீட்டு வாசலிலே வைத்தியம் நடக்கும். நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் அக்காலத்தில் உண்டு. படிக்கட்டுக் கிணற்றில் கால் நனைப்பவர்களால் பரவுவது. புழு ஒரு முழத்துக்கும் அதிக நீளம் இருக்கும். காலில் கட்டியாகி வெளியே தலை நீட்டும். அதை அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து விடும். ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஜெஸ்ஸி அதைச் செய்வார். பையன் பக்கத்திலிருந்து பார்ப்பான். சீழும் ரத்தமும் அவனுக்குப் பிடிக்கவில்லை. "நான் டாக்டராகவே ஆக மாட்டேன்" என்று அப்போதே முடிவு கட்டி விட்டான்!

ஒருநாள் மூன்று பேர் மலைமேல் வந்தார்கள். தொழுநோயாளிகள். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு அவர்களுடைய காலைக் கழுவிக் கட்டுப் போட்டார். எத்தனையோ நோயாளிகளை வெறுங்கையால் தொட்ட அப்பா, இவர்களுக்கு மட்டும் ஏன் கையுறை போட்டார்? குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொன்னார்களே, ஏன்? பையன் மனதில் அந்தக் காட்சி பதிந்து விட்டது.

1918-19-ல் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் கொல்லிமலையையும் விடவில்லை. தெருத்தெருவாகப் பிணம். கிராமத்தார் காட்டுக்கு ஓடினார்கள். ஜெஸ்ஸியும் எவலினும் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி, வீடு வீடாகச் சென்று வாயில் ஊற்றினார்கள்.

1923-ல் நடந்தது

பையனுக்கு ஒன்பது வயது. தங்கைக்கு ஆறு. பெற்றோருக்கு விடுமுறை வந்தது. நால்வரும் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள்.

விடுமுறை முடிந்தது. பெற்றோர் மறுபடி கொல்லிமலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தைகள்?

குழந்தைகள் திரும்பவில்லை.

அக்காலத்து வெள்ளைக்காரக் குடும்பங்களில் இதுதான் வழக்கம். மிஷனரிகள் மட்டும் அல்ல, கலெக்டர்களும் ராணுவ அதிகாரிகளும் அப்படித்தான் செய்தார்கள். ஏழெட்டு வயது வரை குழந்தை இந்தியாவில் இருக்கும். பிறகு 'சீமை'க்குப் போய் விடும். படிப்பு ஒரு காரணம். காய்ச்சல் ஒரு காரணம். அந்தக் காலத்துப் பழைய கல்லறைத் தோட்டங்களுக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு வயது, மூன்று வயது, பதினோரு மாதம் என்று சிறு சிறு கல்லறைகள் வரிசையாக இருக்கும். அதைப் பார்த்தால் அவர்கள் பயந்ததில் ஆச்சரியம் இல்லை என்று தோன்றும்.

பாலையும் தங்கையையும் லண்டனில் தாயின் வீட்டில் விட்டார்கள். அங்கே பாட்டியும், தாயின் சகோதரிகள் இருவரும் இருந்தார்கள். கண்டிப்பான வீடு. ஒழுங்கான வீடு. பாவம், பலா மரத்தில் ஏறிய பையனுக்கு அங்கே மரம் ஏது? தெரு விளக்குக் கம்பத்தில் ஏறித் தலைகீழாகத் தொங்கினான்!

ஒரு தாய் இதை எப்படித் தாங்கினாள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நம் ஊரிலும் அரபு நாட்டு வேலைக்காகப் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் இன்று டெலிபோனில் முகம் பார்த்துப் பேசலாம். ஆறு மணி நேரத்தில் விமானத்தில் வந்து இறங்கலாம். அன்று ஒரு கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கு ஆகும்.

ஆனால் அப்பா கடிதம் எழுதினார். வாரா வாரம் எழுதினார். இன்று காட்டில் இன்ன பறவையைப் பார்த்தேன், இன்ன பூ பூத்திருக்கிறது, ஓடையில் தண்ணீர் வந்திருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினார். மலை முழுவதையும் உறையில் மடித்து மகனுக்கு அனுப்பினார் என்றே சொல்லலாம். அடுத்த விடுமுறைக்கு இன்னும் ஓராண்டுதான். எல்லோரும் ஒன்று சேரலாம்!

தந்தி முந்தியது

1929 ஜூன் மாதம். லண்டனுக்கு ஒரு தந்தி வந்தது.

ஜெஸ்ஸி பிராண்ட் இறந்து விட்டார். மலைக்காய்ச்சலில் ஒரு கொடிய வகை. சிறுநீர் கறுத்துப் போகும். சில நாட்களிலேயே ஆளை முடித்து விட்டது. வயது 44.

மகனுக்கு அப்போது 15 கூட நிரம்பவில்லை. அப்பாவை அவன் பார்த்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகி விட்டது.

நேயர்களே, இனிமேல் சொல்லப் போவதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். தந்தி வேகமாக வந்து விட்டது. கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அப்பா இறந்த செய்தி வந்த பிறகும், அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன! வாரம் ஒன்றாக வந்தன. காட்டைப் பற்றி, மரத்தைப் பற்றி, மகனை விரைவில் பார்க்கப் போகும் சந்தோஷத்தைப் பற்றி. ஒவ்வொரு உறையையும் பையன் பிரித்துப் படித்தான். பிறகு ஒரு வாரம் கடிதம் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

தாய் எவலின் இங்கிலாந்துக்கு வந்தாள். மகன் துறைமுகத்துக்குப் போனான். அவன் மனதில் இருந்த அம்மா உயரமானவள், அழகி, சிரிக்கிறவள். கப்பலிலிருந்து மெலிந்து, கூனிய, முதிர்ந்த ஒரு பெண் இறங்கி வந்தாள். மகனுக்கு அடையாளம் தெரியவில்லை. 'இவளா என் அம்மா?' என்று நின்றான். பிற்காலத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

அவளுக்கு வயது ஐம்பது. உறவினர்கள் எல்லோரும் சொன்னார்கள்: "போதும், இங்கேயே இரு. பிள்ளைகளைப் பார்." அவள் கேட்கவில்லை. மறுபடி இந்தியாவுக்கே புறப்பட்டாள்.

இதைச் சரி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தந்தையை இழந்த பிள்ளைகளுக்குத் தாய் வேண்டாமா? தவறு என்று சொல்லவும் மனம் வரவில்லை. மலையில் அவளை நம்பிச் சில குடும்பங்கள் இருந்தன. அவள் கணவர் அங்கே புதைந்திருந்தார். மகன் இதற்காகத் தாயைப் பழித்து ஒரு வார்த்தைகூடப் பிற்காலத்தில் எழுதவில்லை. அதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

இன்னொரு பிள்ளை

இப்படிக் கரையில் விடப்பட்ட குழந்தை பால் ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் குழந்தை இதே கண்ணீரை விட்டது. அவர் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் இல்லை. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்த டாக்டர் ஐடா ஸ்கடர்!

ஸ்கடர் குடும்பத்தின் கதை 1819-ல் தொடங்குகிறது. நியூயார்க்கில் ஜான் ஸ்கடர் என்று ஒரு வாலிப டாக்டர். நல்ல வருமானம். ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்தபோது மேஜை மேல் ஒரு சிறு புத்தகம் கிடந்தது. கிழக்கு நாடுகளுக்கு மிஷனரிகள் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எடுத்துப் படித்தார். வீட்டுக்குப் போய் மனைவி ஹாரியட்டிடம் சொன்னார். மனைவி சம்மதித்தார். ஆனால் டாக்டரின் தகப்பனாருக்குப் பெருங்கோபம்!

1819 ஜூன் 8-ந் தேதி பாஸ்டன் துறைமுகத்தில் 'இண்டஸ்' என்ற பாய்மரக் கப்பலில் ஏறினார்கள். இடுப்பில் சின்னஞ்சிறு மகள். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். நான்கு மாதம் கடலில்! அக்டோபரில் கல்கத்தா வந்து இறங்கினார்கள். இறங்கிய சில நாட்களிலேயே குழந்தை வயிற்றுக் கடுப்பில் இறந்து போனது. யாழ்ப்பாணம் வந்த பிறகு பிறந்த அடுத்த குழந்தையும் நிலைக்கவில்லை.

பண்டத்தரிப்பில் ஆஸ்பத்திரி வைத்தார். 1836-ல் சென்னைக்கு வந்தார். ஹாரியட் 1849-ல் சென்னையிலேயே காலமானார். அவர் வளர்த்த ஏழு ஆண் பிள்ளைகளும் மிஷனரிகளாக இந்தியாவுக்கே வந்தார்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அந்தக் குடும்பத்தில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் ஐடா. 1870 டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாது வருஷப் பஞ்சத்தில் பசித்த குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டைத் தம் பிஞ்சுக் கையால் வைத்தவர். பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. அப்பா மட்டும் இந்தியா திரும்பினார். கொஞ்ச காலத்தில் அம்மாவும் கிளம்பினார். ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டார். அன்று இரவு அந்தப் பெண் பட்ட வேதனை கொஞ்சமல்ல. 'மிஷனரி வேலையும் வேண்டாம், இந்தியாவும் வேண்டாம்' என்பதுதான் வளர்ந்த பிறகு அவருடைய எண்ணம்.

1890-ல் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். பார்த்து விட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் உயர்ஜாதி இந்து. மூவருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் டாக்டர் இருந்தார். ஐடாவின் தகப்பனார்தான்! ஆனால் ஆண் டாக்டர் தங்கள் பெண்களைத் தொடக் கூடாது என்று அவர்கள் மறுத்து விட்டார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. காலையில் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்து விட்டார்கள்.

ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்தார். 1900-ல் திரும்பி வந்தார். 1902-ல் வேலூரில் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. பின்னாளில் நாடறிந்த கல்லூரியாக வளர்ந்தது அதுதான்.

கரையில் அழுத இந்தக் குழந்தைகளின் கண்ணீர் வீண் போகவில்லை. 1901-ல் கொடைக்கானலில் 13 பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். மிஷனரிகளின் குழந்தைகள் கடல் கடக்காமல் இங்கேயே படிக்கட்டும் என்பதற்காகத்தான். கீழே வெயிலில் வேலை செய்யும் பெற்றோர், கோடை விடுமுறையில் மலை ஏறிப் பிள்ளைகளைப் பார்க்கலாம். அந்தப் பள்ளி இன்று சர்வதேசப் பள்ளியாக நடக்கிறது.

இப்போது நம்மவர்களும் இதே பாதையில் போகிறார்கள். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கைக்குழந்தையோடு பீகாருக்கும் குஜராத்துக்கும் மிஷனரிகளாகப் போவது உண்டு. அவர்களுடைய பிள்ளைகளுக்காக, திருநெல்வேலிப் பக்கம் தோனாவூரில் 'சந்தோஷ வித்யாலயா' என்று ஒரு பள்ளி இருக்கிறது. அங்கே ஜூன் மாதம் ரெயில் புறப்படும் நேரத்தில் தாய்மார்கள் சிந்தும் கண்ணீருக்கும், லண்டனில் எவலின் சிந்திய கண்ணீருக்கும் என்ன வித்தியாசம்?

தச்சர் ஆனார் டாக்டர்

சரி, பால் என்ன ஆனார்?

அப்பாவைப் போல மிஷனரியாக வேண்டும். ஆனால் டாக்டர் மட்டும் வேண்டாம்! உறவினர் ஒருவர் படிக்க வைப்பதாகச் சொல்லியும் மறுத்து விட்டார். அப்பா கட்டட வேலை தெரிந்தவர் அல்லவா? மகனும் அதையே கற்றார். தச்சு வேலை, கல் வேலை எல்லாம் ஐந்து வருஷம் படித்தார். பிறகு மிஷன்காரர்களிடம் போய் நின்றார். "நீ இன்னும் தயாராகவில்லை" என்று அவர்கள் திருப்பி அனுப்பி விட்டார்கள்.

அப்பா படித்த அதே ஒரு வருஷ வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். அங்கேதான் மனம் மாறியது. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் ரத்தம் இழந்து, வெளுத்து, கிட்டத்தட்ட பிணமாகக் கிடந்தாள். பிறர் ரத்தத்தை ஏற்றினார்கள். அவள் கன்னத்தில் சிவப்பு வந்தது. கண் திறந்து தண்ணீர் கேட்டாள். சிறு வயதில் கண்ட சீழும் ரத்தமும் மறந்து போயின. டாக்டருக்கே படித்தார். கூடப் படித்த மார்கரெட் என்ற பெண்ணை 1943-ல் மணந்துகொண்டார். லண்டன் மீது ஜெர்மன் குண்டுகள் விழுந்த காலம் அது. நொறுங்கிய கைகளையும் கால்களையும் தைத்துத் தைத்தே தொழில் பழகினார்.

1946-ல் அழைப்பு வந்தது. வேலூரில் ஆபரேஷன் கற்றுக்கொடுக்க ஒரு டாக்டர் அவசரமாகத் தேவை! அழைத்தவர்தான் செங்கல்பட்டு டாக்டர் காக்ரேன்.

ஒரு சிறு பிள்ளை. இன்னொன்று கைக்குழந்தை. என்ன செய்வது? குடும்பத்தை விட்டு விட்டுப் போவதா? தம் அப்பா செய்தது போலவா?

அவர் முதலில் தனியாகப் புறப்பட்டார். ஆனால் பிரிவு நீளவில்லை. அடுத்த ஆண்டே மார்கரெட் இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்து விட்டார். அந்த அம்மாளும் டாக்டர்தான். 'கண் பிரிவுக்கு வந்து உதவுங்கள்' என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். 'எனக்குக் கண் வைத்தியம் ஒன்றும் தெரியாதே' என்று பதில் எழுதினார். 'கற்றுக்கொள்வீர்கள், திங்கட்கிழமை வந்து விடுங்கள்' என்று பதில் வந்தது! பிற்காலத்தில் தொழுநோயாளிகளின் கண் வைத்தியத்தில் உலகம் அறிந்த நிபுணர் ஆனார். வேலூரில் மேலும் நான்கு பெண் குழந்தைகள். ஆக மொத்தம் ஆறு!

செங்கல்பட்டில் அந்தக் கை அழுத்திய அழுத்தம் டாக்டரைத் தூங்க விடவில்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் கை கால்களைச் சோதித்தார். எல்லாத் தசைகளும் சாகவில்லை, சில தசைகள் மட்டுமே செயல் இழக்கின்றன என்று கண்டார். நல்ல தசையின் நாரை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைத்தார். 1948-ல் வேலூரில் முதல் ஆபரேஷன் நடந்தது. மூடிய கை விரிந்தது!

விரல்கள் ஏன் தேய்கின்றன? நோய் தின்று விடுகிறது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அதையும் அவர் பொய்யாக்கினார். ஒருநாள் ஒரு பழைய பூட்டைத் திறக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். பத்து வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்தான். தொழுநோயாளிப் பையன். சாவியை வாங்கி ஒரே திருகு! பூட்டு திறந்தது. இவ்வளவு பலம் எப்படி என்று டாக்டர் அவன் கையைப் பார்த்தார். ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. சாவி விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை!

வலி இல்லை. அதுதான் வினை. சுடு பாத்திரம் சுடுவது தெரியாது. காலில் ஆணி ஏறியது தெரியாது. ராத்திரி எலி வந்து விரலைக் கடிப்பதும் தெரியாது. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள் என்றால் பாருங்கள்!

கை சரியாகி விட்டது. வயிற்றுக்கு என்ன செய்வது? பிச்சை எடுத்தவர்களுக்குக் கை நன்றாகி விட்டால் பிச்சையும் விழாது! ஆகையால் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே மண் குடிசைகள் கட்டி, 'நவஜீவ நிலையம்' தொடங்கினார்கள். அங்கே மரப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? டாக்டரேதான். வீணாகப் போயிற்று என்று நினைத்த ஐந்து வருஷத் தச்சு வேலை கை கொடுத்தது.

ஒரு ராத்திரி

இப்படித் தொட்டுத் தொட்டு வைத்தியம் செய்தாரே, அவருக்குப் பயமே இல்லையா?

இருந்தது. அமெரிக்காவில் சுற்றுப்பயணம் முடித்துக் கப்பலில் இங்கிலாந்து வந்து, ரெயிலில் லண்டன் சேர்ந்தார். விடுதி அறையில் காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை! ஊசியை எடுத்துக் குத்தினார். வலிக்கவில்லை. ஆழமாகக் குத்தினார். ரத்தம் வந்தது. வலிக்கவில்லை.

தொழுநோய் வந்து விட்டதா!

அந்த இரவெல்லாம் தூங்கவில்லை. இனி மனைவியையும் குழந்தைகளையும் விட்டுத் தனியாக வாழ வேண்டுமா? குழந்தைகளைத் தொட்டோமே, தூக்கினோமே! அப்பாவைப் பிரிந்து வளர்ந்த மனிதர், இப்போது தம் பிள்ளைகளுக்கும் அதுதானா என்று கலங்கினார். பொழுது விடிந்தது. மறுபடி ஊசியை எடுத்துக் குதிகாலில் குத்தினார்.

ஆவென்று அலறினார். வலி! அவர் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷத்தோடு அவர் கத்தியதே இல்லையாம். ரெயிலில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு மரத்துப் போயிருந்தது. அவ்வளவுதான்.

இன்று அந்தப் பயமே வேண்டியதில்லை. 1980-களிலிருந்து கூட்டு மருந்து வைத்தியம் நடைமுறையில் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டால் நோய் முற்றிலும் குணமாகும். உணர்ச்சியற்ற வெளிர் தேமல் உடம்பில் எங்காவது தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே காட்டுங்கள். குழந்தைகளுக்கும் பார்த்து விடுங்கள்.

மலையிலே ஒரு பாட்டி

கொல்லிமலை அம்மாள் என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா?

1947-ல் எவலின் வயது 68. ஓய்வு பெற்று வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். சம்மதித்தாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? தானாகவே மலையேறி விட்டாள்! கணவர் ஜெஸ்ஸி ஐந்து மலைத்தொடர்களிலும் வேலை செய்ய ஆசைப்பட்டவர். கொல்லிமலை ஒன்றோடு அவர் ஆயுள் முடிந்து விட்டது. மீதியை நான் செய்கிறேன் என்று கல்வராயன் மலைக்குப் போய்க் குடிசை போட்டாள். குதிரை மேல் ஏறி ஊர் ஊராகப் போனாள். கீழே விழுந்து எலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு மறுபடி நடந்தாள். மலை மக்களுக்கு அவள் 'பாட்டி' ஆனாள். நரம்புச் சிலந்தியைக் குச்சியில் சுற்றி எடுக்கும் வேலையைத் தொண்ணூறு வயதை நெருங்கியும் விடவில்லை.

லண்டனில் தொப்பியும் பட்டும் அணிந்து படம் வரைந்த பெண்ணல்லவா அவள்? கடைசி இருபது ஆண்டுகள் அவள் குடிசையில் கண்ணாடியே கிடையாது. முகம் பார்ப்பதையே விட்டு விட்டாள்.

மகன் வேலூரிலிருந்து வந்து, "போதும் அம்மா, இறங்கி வாருங்கள்" என்று கெஞ்சிப் பார்த்தார். நடக்கிற காரியமா!

1966-ல் பால் பிராண்டுக்கு அமெரிக்காவில், லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரியில் வேலை வந்தது. மனைவியோடும் பிள்ளைகளோடும் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். இந்தத் தடவை போனவர் மகன். கரையில் நின்றவள் தாய். அவளுக்கு அப்போது வயது 87.

அவள் மலையை விட்டு இறங்கவில்லை. 1974 டிசம்பரில், 95-வது வயதில் காலமானாள். வளவந்திக்குத் தூக்கிச் சென்று, 45 ஆண்டுகளுக்கு முன் புதைத்த கணவரின் பக்கத்தில் வைத்தார்கள்.